ஸ்பீக்கிங் தேர்வில் வெளிநாட்டு மொழி பற்றிக் கேட்டால்: கேள்வி பதில்

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் ஸ்பீக்கிங் (பேச்சுத்) தேர்வுக்குப் பலரைத் தயார்செய்து வருகிறேன். இந்த முறை "வெளிநாட்டு மொழி கற்பது" என்ற ஒரே தலைப்பில் வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இந்தத் தலைப்பு எந்தப் பகுதியில் வரும்?

மூன்றிலும் வரலாம். தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் உங்களைப் பற்றிய சின்னக் கேள்விகள்: என்னென்ன மொழி தெரியும், பள்ளியில் எதைப் படித்தீர்கள். இரண்டாவதில் பேச வேண்டிய தலைப்பு எழுதிய கியூ கார்டு தருவார்கள். யோசித்துக் குறிப்பெடுக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. மூன்றாவதில் பேச்சு பொது விஷயத்துக்குப் போகும்: சிறுவயதில்தான் மொழி எளிதாக வருமா, மொழிகள் ஏன் அழிகின்றன என்பது போல.

கேள்வி: கற்க விரும்பும் மொழி எது என்று கேட்டால் "ஆங்கிலம்" எனலாமா?

கார்டை முழுக்கப் படியுங்கள். "ஆங்கிலம் தவிர" என்று அதிலேயே இருக்கும் வாய்ப்பு அதிகம். அவசரத்தில் அந்த இரண்டு சொல்லைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். தெரியாத மொழியைப் பற்றி 2 நிமிடம் எதைப் பேசுவது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கார்டு கேட்பது உங்கள் ஆசையைத்தான். அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆசைக்கு ஒரு காரணம் வேண்டும், காரணம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஜப்பானிய மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். "வாதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்" என்றால் "நான் புத்தகத்தைப் படிக்கிறேன்". வினைச்சொல் கடைசியில் வருகிறது, நம்முடையதைப் போலவே. "ஹோன்" என்பது புத்தகம். அதன் பின்னால் நிற்கும் "ஓ", நம் "ஐ" உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் படித்தபோது சொற்களின் வரிசையை மாற்றிப்போட நாம் பட்ட பாடு அங்கே இருக்காது. எழுத்துதான் மலை: ஹிராகனா, கதகானா, காஞ்சி என மூன்று வகை. பார்த்தீர்களா, எளிது எது, கடினம் எது, ஏன் கற்க ஆசை என்று ஒன்றரை நிமிடத்துக்குச் சரக்கு வந்துவிட்டது. வேறு மொழி பிடித்தால் அதிலும் இப்படித் தேடுங்கள். ஜெர்மனில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால், மேசைக்குக்கூட ஒரு பால் உண்டு. அரபி வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது.

ஒரு வெளிநாட்டு மொழியை ஏற்கெனவே கற்றவர் நீங்கள், அந்த மொழியில்தான் தேர்வறையில் பேசப்போகிறீர்கள். "ஆங்கிலம் படித்தபோது இந்த இடத்தில் தடுமாறினேன், இந்த முறை வேறு மாதிரி தொடங்குவேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக வரும்.

கேள்வி: பேண்ட் (மதிப்பெண் நிலை) 8 வாங்கும் மாதிரிப் பதில் எழுதித் தர முடியுமா?

மாட்டேன். மனப்பாடம் செய்த பேச்சைத் தேர்வாளர் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார். வேகமும் ஏற்ற இறக்கமும் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: என்ன தவறுகளைத் தவிர்க்க வேண்டும்?

இந்தத் தலைப்பில் நம்மவர்கள் விழும் குழிகள் இரண்டு. "ஐ நோ டு ஸ்பீக் ஜெர்மன்" என்பது முதலாவது. "பேசத் தெரியும்" என்ற தமிழ் அப்படியே ஆங்கில உடை போட்டு வருகிறது. "ஐ கேன் ஸ்பீக்" போதும், அல்லது "ஐ நோ ஹவ் டு ஸ்பீக்". இரண்டாவது, "ஐ ஆம் லேர்னிங் சின்ஸ் டூ இயர்ஸ்". "ஐ ஹேவ் பீன் லேர்னிங் ஃபார் டூ இயர்ஸ்" என்பதே சரி.

பயன்படும் சொற்கள் கொஞ்சம்: கேட்டுக் கேட்டே பழகிக்கொள்வது "பிக் அப்", ஓரளவு சமாளிப்பது "கெட் பை", பழக்கம் விட்டுப்போன மொழி "ரஸ்டி".

கேள்வி: என் பேச்சில் தமிழ் வாடை அடிக்கிறது. மதிப்பெண் குறையுமா?

வாடைக்காகக் குறையாது, புரியாவிட்டால் குறையும். இந்தத் தலைப்பின் முக்கியச் சொல்லையே "லாங்குவேஜ்" என்று மூன்று அசையாக நீட்டுகிறோம். அது இரண்டசை: "லேங்-க்விஜ்", அழுத்தம் முதல் அசையில். 2 நிமிடத்தில் பத்து முறை வரப்போகும் சொல், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கற்காத பிரெஞ்சைக் கற்றேன் என்று பொய் சொன்னால் என்ன? மதிப்பெண் மொழிக்குத்தானே, உண்மைக்கு இல்லையே.

நீங்கள் சொல்வது சரி. சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. உண்மை என்று ஐந்தாவது ஒன்று இல்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன்.

கேள்வி (அவரே): சரி என்றும் சொல்கிறீர்கள், வேண்டாம் என்றும் சொல்கிறீர்களே?

பொய் சொல்லும்போது மனம் இரண்டு வேலை பார்க்கிறது: கதையும் கட்ட வேண்டும், ஆங்கிலமும் கட்ட வேண்டும். முதல் வேலை தடுமாறினால் இரண்டாவதும் நிற்கும். அந்த இடைவெளி சரளத்தில்தான் கழிகிறது.

இன்னொருவர்: நான் பொய் சொல்லித்தான் 7.5 வாங்கினேன்.

நம்புகிறேன். கதை கட்டுவது உங்களுக்கு இயல்பாக வருகிறது. என்னிடம் பயின்ற ஒருவருக்கு வரவில்லை. ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனதாக அழகாகப் பேசி முடித்தார். கார்டுக்குப் பின் ஓரிரு சின்னக் கேள்வி கேட்கலாம் என்பதை மறந்துவிட்டார். "வகுப்பில் எது பிடித்தது?" என்றதும் வாயடைத்துப் போனார். பதில் தெரியாததைவிட, மாட்டிக்கொண்டோம் என்ற பயம்தான் அவரை மூன்றாம் பகுதி முழுவதும் துரத்தியது.

கேள்வி (பொய் பற்றி முதலில் கேட்டவர்): அப்படியானால் கொஞ்சமும் கற்பனை கூடாதா?

ஏன் கூடாது? நண்பரின் அனுபவத்தை உங்களுடையதாகச் சொல்லுங்கள், போன வருடம் நடந்ததைப் போன மாதம் என்று சொல்லுங்கள். நடந்த ஒன்றின் மேல் கட்டுவது நிற்கும். வெறும் காற்றில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி: மொழிபெயர்ப்புச் செயலிகள் இருக்க, மொழி கற்பது தேவையா என்று கேட்டால் எது சரியான கருத்து?

சரியான கருத்து என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் நின்று, காரணம் சொல்லி, எதிர்ப்பக்கத்துக்கும் இடம் கொடுங்கள். வழி கேட்கச் செயலி போதும். ஒருவர் துக்கத்தில் இருக்கும்போது ஆறுதல் சொல்லப் போதுமா? இப்படிக் குறிப்பான ஒரு சூழலைக் காட்டினால் பதில் நீளும்.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேண்ட்?

அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பாருங்கள்.

கேள்வி: இந்தக் கார்டுக்கு மனப்பாடம் செய்ய ஒரு பதில்...

மேலே சொல்லிவிட்டேன். இது நான்காவது முறை, மற்றவற்றை வெளியிடவில்லை. மனப்பாடத்துக்குச் செலவிடும் ஒரு மணி நேரத்தில் இதே கார்டைப் பத்து விதமாகப் பேசிப் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.

கேள்வி: நாளை தேர்வு. இன்று இரவு என்ன செய்ய?

போனில் 2 நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். ஒரு முறை கேளுங்கள், எங்கே நின்றீர்கள் என்று மட்டும் பாருங்கள். மறுபடி பேசுங்கள், ஆனால் கற்க விரும்புவதாக வேறு மொழியைத் தேர்ந்தெடுத்து. பிறகு தூங்குங்கள்.