துளை விழுந்த பேலட் பலகைகள்: தோட்டத்து மரங்களுக்கு ஆபத்தா?

கேள்வி: தூத்துக்குடி துறைமுகப் பக்கம் பழைய பேலட்டுகளை (வெளிநாட்டுச் சரக்கை அடுக்கி வரும் மரத் தட்டுகளை) வாங்கி ஆடுகளுக்குப் பரண் அமைத்தேன். சில மாதங்களிலேயே பலகைகளில் துளை விழுந்து மாவு கொட்டுகிறது. அருகிலுள்ள மா, தேக்கு மரங்களுக்கும் இது பரவுமா?

பதில்: கொட்டும் மாவை விரலால் தேய்த்துப் பாருங்கள். அது முகப்பவுடர் போல நைசாகவும், துளைகள் 1 முதல் 2 மி.மீ. அளவில் வட்டமாகவும் இருந்தால், காய்ந்த மரத்தை உண்ணும் மாவுவண்டாகவே பெரும்பாலும் இருக்கும். அது உங்கள் மாமரத்தைத் தொடாது. மாறாக, நார்நாராகச் சீவல் வெளிவந்து, துளையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தால், அது நீள்கொம்பு வண்டாக இருக்கக்கூடும். நம் மாமரத் தண்டுத் துளைப்பானும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் அப்போது அலட்சியம் கூடாது.

வெளிநாட்டு மரத்தைக் கண்டு இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று தோன்றலாம். சீனாவிலிருந்து சரக்கோடு சென்ற பெட்டி மரங்களில் ஒளிந்திருந்த ஆசிய நீள்கொம்பு வண்டு, 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டபோது, அது அங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புழு பட்டைக்கு அடியிலேயே மேய்வதால், கிளைகள் காயத் தொடங்கும் வரை வெளியே எதுவும் தெரிவதில்லை. பின்னர் அதை ஊர் ஊராகச் சுமந்து சென்றவை விறகும் நாற்றுகளுமே. இந்தப் போக்குவரத்து ஒருவழியானதும் அல்ல: இந்தியாவிலிருந்து போன பேலட்டுகளிலும் துளைப்பான்கள் அயல்நாட்டுத் துறைமுகங்களில் பிடிபட்டிருக்கின்றன.

ஆகவேதான் 2002இல் வந்த சர்வதேச விதி, பேக்கிங் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நிலைக்க வேண்டும், இல்லையேல் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்ட வேண்டும் என்கிறது. அப்படிச் செய்த பலகையில் கோதுமைக் கதிர் முத்திரையும், எச்.டி. (HT, வெப்பம்) அல்லது எம்.பி. (MB, மெத்தில் புரோமைடு) என்ற எழுத்தும் இருக்கும். ஆனால் முத்திரை குத்திய பிறகு புதிதாக ஏறும் மாவுவண்டை அந்தச் சிகிச்சை தடுக்காது. எனவே மாவு கொட்டுவதை வைத்தே முத்திரை பொய்யென்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஆடுகள் பலகையை நக்கும் என்பதால் பரண்மீது பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். துளை விழுந்த பலகைகளையும், பட்டை ஒட்டியிருப்பவற்றையும், முத்திரையே இல்லாதவற்றையும் கழற்றித் திறந்த வெளியில் எரித்துவிடுங்கள். சமையல் அடுப்பில் வைக்க வேண்டாம். வண்டோ புழுவோ கிடைத்தால், எரிப்பதற்கு முன்பே ஸ்பிரிட் ஊற்றிய சிறு பாட்டிலில் போட்டு, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டுங்கள். இனம் தெரியும் வரை, மிச்சமிருக்கும் பலகைகளை விறகாகக்கூட வேறு ஊருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.