வாசலில் சுவஸ்திகா மாட்டலாமா?

கேள்வி: ஜேர்மனியில் வசிக்கும் என் மகன் அங்கே சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறான். குடிபூரலுக்காக, பிள்ளையாரும் சுவஸ்திகாவும் பொறித்த பித்தளைத் தகடொன்றைச் செட்டியார் தெருவில் வாங்கி அனுப்பினேன். வாசற்கதவின் மேலே மாட்டச் சொன்னால், "சாமியறையில் வைக்கிறேன் அம்மா, வாசலில் வேண்டாம்" என்கிறான். ஹிட்லர் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இருந்த மங்கலச் சின்னத்தை நாங்கள் ஏன் ஒளிக்க வேண்டும்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, அந்தச் சின்னத்தின் தொன்மை பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. சிந்துவெளி முத்திரைகளில் அது இருக்கிறது. அமராவதியில் செதுக்கிய புத்தரின் திருவடிகளில் இருக்கிறது. சமணருக்கும் அது புனிதமானது. ஆனாலும் உங்கள் மகன் சொல்வதே சரியென்று எனக்குப் படுகிறது. அவர் சின்னத்தைக் கைவிடவில்லை. வாசலில் அதைப் பார்க்கப்போகிறவர்கள் யார் என்று யோசித்திருக்கிறார்.

வெள்ளவத்தையில் உங்கள் கதவில் அந்தத் தகடு இருந்தால், தெருவில் போகிறவர் தமிழரானாலும் சிங்களவரானாலும், அதை ஒரு சைவ வீட்டின் அடையாளமாகவே காண்பார். நிலையில் கட்டிய மாவிலையும், அடுத்த தெருக் கோயிலின் மணியோசையும் அந்தப் பொருளுக்குத் துணை நிற்கின்றன. ஜேர்மன் தெருவொன்றில் அந்தத் துணைகள் எவையும் இல்லை. அங்கே வேறொரு நினைவுதான் இருக்கிறது. 1920இல் நாசிக் கட்சி அந்த வடிவத்தைத் தன் கொடியில் ஏற்றியது. 1935இல் அதுவே நாட்டின் ஒரே தேசியக் கொடியாயிற்று. அந்த ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களையும், ரோமா மக்களையும், உடல், உள நோயாளர்களையும் கொன்றொழித்தது. உங்கள் மகனின் வாசலைக் கடந்து போகும் ஒரு மூதாட்டி, அந்தக் கொடியின் கீழ் தன் குடும்பத்தை இழந்தவராக இருக்கலாம். அவர் கதவைத் தட்டி விளக்கம் கேட்கப்போவதில்லை. நெஞ்சு பதறி, நடையை விரைவுபடுத்திக்கொண்டு போய்விடுவார். உங்கள் மகனின் மனதில் இருந்த பக்தி அவரைச் சென்றடைய வழியே இல்லை.

நம்முடையது நேராக நிற்கிறது, அவர்களுடையது சாய்ந்து நிற்கிறது என்று நம்மவர்கள் அடிக்கடி சமாதானம் சொல்வதுண்டு. அந்த வேறுபாட்டை நம்பியிருக்க முடியாது. நாசிகள் நேராக நின்ற வடிவத்தையும் சில இடங்களில் பயன்படுத்தினார்கள். அதோடு, வீதியில் போகிறவர் கோணத்தை அளந்து பார்த்துவிட்டு அஞ்சுவதில்லை.

சட்டமும் சூழலைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறது. ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதை மூன்று ஆண்டு வரையான சிறைக்குரிய குற்றமாக்குகிறது. ஆனால் கலை, ஆய்வு, கல்வி, வரலாற்றுச் செய்தி ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. நாசிகளை எதிர்ப்பதற்காக, குறுக்கே கோடு போட்டு அடித்த சுவஸ்திகாவை அச்சிட்டு விற்ற ஒருவருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டம் விதித்தது. 2007இல் அந்நாட்டின் சமஷ்டி நீதிமன்றம் அவரை விடுவித்தது. எதிர்ப்பு அந்தப் படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது என்பதுதான் காரணம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாசிச் சின்னத்தைத் தடைசெய்தபோது, இந்துக்களும் பௌத்தர்களும் சமணர்களும் தம் சமயத்துக்காக அதைப் பயன்படுத்துவதற்கு விலக்களித்தது. ஆகவே உரிமை என்ற அளவில் நீங்கள் தோற்றுப்போகவில்லை. உரிமை இருக்கும் இடத்திலும், பார்ப்பவரின் வேதனையை எண்ணி ஒரு முழம் உள்ளே தள்ளி வைப்பது ஒளிப்பது ஆகாது. சாமியறை வரை வரும் அயலவர் விருந்தினராக நிற்பவர். அவருக்குக் கேட்க நேரம் இருக்கும், மகனுக்குச் சொல்ல வாய்ப்பு இருக்கும்.

ஆனால் இதே அளவுகோலை மற்றவர்மேல் திருப்பக் கூடாது. நாம் ஒன்றைக் காட்டும்போது பார்ப்பவரின் மனதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் காட்டியதைத் தீர்ப்பிட வரும்போது, காட்டியவரின் மனதைத்தான் முதலில் தேட வேண்டும். இதை நம் நாடு 2019இல் மறந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின், அச்சம் எல்லோரையும் ஆட்டிப்படைத்த மே மாதத்தில், ஹசலகவில் முஸ்லிம் பெண்ணொருவர் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட கவுண் அணிந்திருந்தார். அது தர்மச்சக்கரம் என்று கருதி, பௌத்தத்தை அவமதித்ததாகச் சொல்லிப் பொலிஸார் அவரைக் கைதுசெய்தார்கள். சிவில், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென்றே 2007இல் இயற்றிய சட்டம் அவருக்கு எதிராக எடுக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் மறியலில் இருந்தார். பின்னர் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதை ஏற்றுக்கொண்டது.

அவர் உங்கள் மகனைப் போல யோசித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, அம்மா. தன் ஆடையில் மற்றவர்கள் எதைக் காண்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. கைதுசெய்ய வந்தவர்களுக்கோ, அது என்ன சக்கரம் என்று கேட்கவும், துணியை ஒருமுறை உற்றுப் பார்க்கவும் வேண்டிய அவகாசம் இருந்தது.