அந்தப் பெரிய குளிசையை நிற்பாட்டாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. அப்பா காலமானதற்குப் பிறகு சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, எந்த நேரமும் யோசனையும் பெருமூச்சும்தான். மனநல வாட்டில் 16 நாட்கள் வைத்திருந்து துண்டு வெட்டி அனுப்பினார்கள். காலையில் செர்ட்ரலின் 50 மில்லிகிராம், இரவில் குளோனசெபாம் என்ற ஒரு சின்னக் குளிசை. மருந்து தொடங்கி இன்றைக்கு 24 நாள். நித்திரை பரவாயில்லை, ஆனால் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. எங்கள் ஊர் பாமசிக்காரர், "பெரிய குளிசை பழகினால் ஆயுளுக்கும் விடாது, அதை நிற்பாட்டுங்கோ, நித்திரைக் குளிசை போதும், நான் துண்டில்லாமலே தாறன்" என்று சொல்லி ஒரு மட்டையும் தந்துவிட்டார். கனடாவில் இருக்கும் அண்ணா தனக்கு அங்கே எழுதிக் கொடுத்த எசிட்டலோபிராம் என்ற மருந்தை அனுப்புவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? (மானிப்பாய் வாசகர்)

பதில்: தம்பி, செர்ட்ரலினை நிற்பாட்டாதீர்கள். அண்ணா அனுப்பும் மருந்தையும் தொடங்காதீர்கள். கிளினிக் திகதி வரும்வரை எழுதித் தந்தது தந்தபடியே போகட்டும்.

செர்ட்ரலின் போல மனச்சோர்வுக்குத் தருகிற மருந்துகளில் தொல்லைதான் முதலில் வரும், சுகம் பிந்தித்தான் வரும். முதற் கிழமையில் வயிற்றைப் பிரட்டும், தலையிடிக்கும், சிலருக்குப் பதகளிப்புக்கூடக் கொஞ்சம் கூடும். இரண்டாம் கிழமையளவில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மனம் தெளியத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். நீங்கள் இன்னும் நாலு கிழமையே தாண்டவில்லை. என் அனுபவத்தில் நித்திரையும் பசியும் முதலில் திரும்பும், சிரிப்பு கடைசியில்தான் வரும். அம்மா தானாக எழும்பி முகம் கழுவுகிறாவா, தேத்தண்ணி கேட்கிறாவா, பக்கத்து வீட்டுக் கதை காதில் விழுகிறதா என்று பாருங்கள். இப்போதைக்கு அவைதான் அடையாளம். ஆறு கிழமையிலும் அசைவில்லை என்றால் டொக்டர் அளவைக் கூட்டுவார். 50 என்பது தொடக்கம்தான், 200 வரை கூட்ட இடமிருக்கிறது.

வாட்டில் ஏன் இரண்டு குளிசை தந்தார்கள் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. வீட்டுக்குப் பிளாற் போடும்போது கீழே முட்டுக் கொடுப்போம் அல்லவா? கொங்கிறீட் இறுகியதும் முட்டைக் கழற்றிவிடுவோம். செர்ட்ரலின்தான் கொங்கிறீட். குளோனசெபாம் அது இறுகும்வரை கொடுத்த முட்டு. உங்கள் பாமசிக்காரர் கொங்கிறீட்டை உடைத்துவிட்டு முட்டின்மேல் வீட்டைக் கட்டச் சொல்கிறார்.

பழகிப்போகிற குளிசை எது என்று கேட்டால், சின்னதுதான். குளோனசெபாம், டயஸிபாம், அல்பிரசோலம் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு சில கிழமைக்கு மேல் விடாமல் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு அதே நித்திரைக்கு இரண்டு வேண்டும், அப்புறம் மூன்று. வயது போனவர்கள் இரவில் கக்கூசுக்கு எழும்பும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கேட்டுவிட்டு உடனே அதை வெட்டி எறியவும் கூடாது. பழகிய உடம்பில் திடீரென்று நிற்பாட்டினால் வலிப்புக்கூட வரலாம். டொக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். செர்ட்ரலினில் இந்த ஆசையும் இல்லை, கூட்டிக் கேட்கிற குணமும் இல்லை. சடுதியாக விட்டால் தலைசுற்று, எரிச்சல், மின்சாரம் அடித்ததுபோல் ஒரு வெட்டு என்று சில நாட்கள் படுத்தும். அதைத்தான் ஊரில் "விடாது" என்கிறார்கள். முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட்டுவிட்டு மெல்ல மெல்ல நிற்பாட்டலாம். ஆயுள் முழுக்க என்பது வெறும் கதை.

துண்டில்லாமல் நித்திரைக் குளிசை தருகிறவரை உதவிக்காரர் என்று நினைக்காதீர்கள். வைத்தியரின் துண்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. சுகமாகிப் போகிற நோயாளியால் அவருக்கு வியாபாரம் இல்லை. ஒவ்வொரு கிழமையும் வந்து நிற்கிற நோயாளிதான் வியாபாரம். முழங்கால் நோவென்று அம்மா அங்கே போனால் டைக்ளோபினாக் என்ற நோக் குளிசையும் எடுத்துத் தருவார். செர்ட்ரலினோடு சேர்ந்தால் அது இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கலாம். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். "கவண்மேந்துக் குளிசை நீத்து, நான் தாறது ஒறிஜினல்" என்று இன்னொரு கதையும் வரும். பெட்டியின் பெயரைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் ஆஸ்பத்திரியில் சும்மா கிடைப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அண்ணாவின் பொதியைப் பற்றி. இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது வெளிநாட்டுப் பொதிகள் பல வீடுகளுக்குக் கைகொடுத்தன. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எசிட்டலோபிராமும் செர்ட்ரலினும் ஒரே வகை மருந்து. இரண்டையும் சேர்த்துப் போட்டால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். அண்ணா மருந்து அனுப்புவதை விட்டுவிட்டுப் பின்னேரத்தில் அம்மாவோடு பத்து நிமிடம் கதைக்கட்டும்.

மருந்தைத் தொடருங்கள் என்று இவ்வளவு சொன்ன நான், ஒரு நிலையில் அடுத்த திகதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள் என்பேன். இதைக் கவனமாக வாசியுங்கள். சிலருக்கு மனச்சோர்வு என்பது பைபோலார் என்ற நோயின் ஒரு பக்கம் மட்டும்தான். மற்றப் பக்கத்தில் மனம் அளவுக்கு மீறி எழும்பும். அப்படியானவருக்கு இந்த மருந்தைத் தனியே கொடுத்தால் அது மனதை அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும். வாட்டில் சேர்க்கும்போது, "முன்பு எப்போதாவது அளவுக்கு மிஞ்சிய உற்சாகம் இருந்ததா, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா?" என்று கேட்பது அதற்காகத்தான். எங்கள் சனம் அந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் கலியாணத்துக்குப் பெண்பிள்ளை இருக்கிறது, மாமாவின் கதையை ஏன் சொல்லுவான் என்று மறைத்துவிடுவார்கள். நீங்களும் மறைத்திருந்தால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். கிளினிக் கொப்பி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாது. இனி, அம்மா இரண்டு மணித்தியாலம் மட்டும் படுத்துவிட்டு விடிய மூன்று மணிக்கு முற்றம் கூட்டினால், களைப்பே இல்லையென்றால், பேச்சு நிற்காவிட்டால், காப்பைக் கழற்றி யாருக்கோ கொடுத்தால், காணியை எழுதித் தரப் போகிறேன் என்றால் "அம்மா பழையபடி வந்திட்டா" என்று கோயிலுக்குப் பொங்கல் வைக்காதீர்கள். அன்று காலைக் குளிசையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் எல்லாரும் சந்தோசப்படுகிற நாட்களில்தான் இது தவறவிடப்படுகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இதையெல்லாம் வாட்டிலேயே, தமிழில், பத்து நிமிடம் ஒதுக்கி யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஒரு வாட்டில், இரண்டுமே நித்திரைக் குளிசை என்று நினைத்து, பகலில் நித்திரை கொள்ளக் கூடாதென்று காலைக் குளிசையை மூன்று மாதம் கொடுக்காமல் விட்ட ஒரு மகளைப் பார்த்தேன். அவரில் என்ன பிழை? அட்டை முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். கிளினிக்கில் ஒரு காலையில் அத்தனை பேரையும் பார்த்து முடிக்க வேண்டும், போன மாதம் பார்த்த டொக்டர் இந்த மாதம் இல்லை. வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு தாளில் தமிழில் நாலு வரி அடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

இரண்டு கிழமைக்குத்தான் மருந்து தருகிறார்கள் என்று கோபிக்காதீர்கள். மனம் சோர்ந்திருக்கிற ஒருவரின் கையில் ஒரு மாதக் குளிசையை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். குளிசைகளை உங்கள் பொறுப்பில் பூட்டி வையுங்கள். சாகிற கதை ஏதும் அம்மாவின் வாயில் வந்தால் திகதி பார்க்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள். இரவென்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழையுங்கள், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

யாழ் போதனா வைத்தியசாலையோ தெல்லிப்பழையோ, எங்கே கொப்பி இருக்கிறதோ அங்கேயே தொடருங்கள். கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று வரும் தெரிந்த ஆட்கள் யாரும் வேண்டாம். போகும்போது கொப்பி, அட்டை, மிச்சக் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். பாமசிக்காரர் தந்த மட்டையையும் அதே பையில் போட்டு டொக்டருக்குக் காட்டுங்கள். அதில் எத்தனை குளிசை குறைந்திருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.