அடுக்களையில கரண்ட்: கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டை பக்கம் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். அடுக்களை பிளக் பாயிண்ட் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, ஒரே பாயிண்ட்ல மல்டி பிளக் போட்டு மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூணும் ஓடுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை. அப்படியே விடலாமா?

விடாதீங்க தாயி. மிக்ஸி 500லிருந்து 750 வாட், மேடை மேல வைக்கிற கிரைண்டர் 150 சொச்சம், இது ரெண்டும் ஒரு பாயிண்ட்டில் ஓடினால் பரவாயில்லை. இண்டக்‌ஷன் பெரும்பாலும் 1800, 2000 வாட். சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர்தான், 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1380 வாட். ஆக அந்த அடுப்பு ஒன்றே எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதற்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் தனியாக வேண்டும், சுவருக்குள் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரோடு.

வள்ளியூரிலிருந்து: லோடு கூடினா போர்டுல இருக்கிற எம்.சி.பி. சுவிட்சு தானா விழுந்து கரண்டை நிறுத்திருமே, அப்புறம் என்ன பயம்?

இந்த நம்பிக்கையில்தான் நிறைய வீடுகள் ஓடுகின்றன. எம்.சி.பி. போடுவது சுவருக்குள் இருக்கிற வயரைக் காப்பாற்ற, உங்கள் மல்டி பிளக்கை அதற்குத் தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிற லைனில் 6 ஆம்பியர் மல்டி பிளக் வழியாக 12 ஆம்பியர் இழுத்தால் எம்.சி.பி. விழாமல் அது பாட்டுக்கு நிற்கும், இங்கே பிளக்குக்குள் பித்தளைத் தகடு சூடாகி, அந்தச் சூட்டில் பிடி தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகிக்கொண்டே போகும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. கழற்றிப் பார்த்தால் ஒரே ஒரு துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், அதில் சொருகின பின் கறுத்திருக்கும், பக்கத்துத் துளை புதுசு மாதிரியே இருக்கும். பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை தாங்காத சூடு என்றால் பிளக்கையும் பாயிண்ட்டையும் சேர்த்தே மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: பழைய வீடு, பீஸ் கட்டைதான். அடிக்கடி போகுதுன்னு தடியா கம்பி சுத்திவிட்டாங்க. இப்ப போறதே இல்லை.

இப்போ பீஸுக்குப் பதில் உங்கள் வயர்தான் எரியும் அக்கா. அந்தக் கம்பியை இன்றைக்கே எடுத்துவிட்டுச் சரியான பீஸ் கம்பி போடச் சொல்லுங்கள். கையில் காசு சேர்ந்ததும் எம்.சி.பி., கூடவே கரண்ட் கசிந்தால் லைனை உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

உவரியிலிருந்து: பிளக் பின்னெல்லாம் பச்சை பூக்குது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போதுமா?

கடல் காற்றுதான் காரணம். வெளியே தெரிகிற பின்னைத் தேய்க்கலாம், பாயிண்ட்டுக்குள் இருக்கிற தகட்டை என்ன செய்வீர்கள்? அதுவும் பூத்துத்தான் இருக்கும். மாற்றிவிடுங்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து: வாடகை வீடு. புது பாயிண்ட் போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டேங்கார்.

சரி தம்பி, அப்போ முறை வைத்து ஓட்டுங்கள். மாவு ஆட்டும்போது கெட்டில் வேண்டாம், கெட்டில் ஒன்றே 1500 வாட் வரும், பவர் பாயிண்ட் இருந்தால் அதில் மட்டும் சொருகுங்கள். பெரிய பின்னைச் சின்ன துளையில் ஏற்றுகிற கன்வர்ஷன் பிளக் கடைகளில் தொங்கும், வாங்கவே வாங்காதீர்கள், இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். துளையில் ஏறவில்லை என்று, ஷாக் அடிக்காமல் காக்கிற தடித்த எர்த் பின்னை உடைக்கிறவர்களும் உண்டு, ஈரக் கையோடு மிக்ஸியைத் தொடுகிற இடத்தில்! எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தே தீரணும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, வயரைச் சுருட்டி வைக்காமல், தண்ணீர்த் தொட்டி பக்கமும் அடுப்பு பக்கமும் போகாமல் வையுங்கள்.

பேட்டையிலிருந்து: பிளக்ல புகை வந்தா தண்ணி ஊத்தலாமா?

கூடாது. முதலில் மெயினை இறக்குங்கள், பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். தீ பிடித்துவிட்டால் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பான்தான், அது இல்லாவிட்டால் எல்லாரும் வெளியே வந்துவிட்டு 101 அடியுங்கள். புகை தானாக நின்றாலும், போர்டைக் கழற்றிப் பார்க்காமல் மெயினை ஏற்றக் கூடாது.