பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் காலையில் கிளம்ப அடம்பிடிப்பதும் சிக்னலில் அணைந்துவிடுவதும் ஏன்?

இரவெல்லாம் நின்ற கியர் இல்லாத ஸ்கூட்டர் பல உதைகளுக்குப் பிறகே கிளம்புகிறது என்றும், மூலக்கடை சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு குறைகளுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஆக்சிலேட்டர் மூடிய நிலையில் எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் போவதில்லை. குளிரின் மீது பழி போட வேண்டாம். மார்கழி விடியலிலும் சென்னையில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், நல்ல நிலையில் உள்ள வண்டி சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோல் செறிவைக் கூட்டும் அடைப்பு) போட்டு இரண்டு மூன்று உதைகளில் கிளம்பியாக வேண்டும்.

ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்தை, ஏற்றிக் கொடுப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். கியர் இல்லாத வண்டியில் ஐட்லிங் கூடினால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து, பிரேக்கை விட்டதும் வண்டி தானாக முன்னே நகரும்; குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது பெரும் ஆபத்து.

முதலில் சோக்கை வைத்தே சோதியுங்கள். எஞ்சின் சூடான பிறகும் சோக் போட்டால் மட்டுமே சீராக ஓடி, எடுத்தவுடன் அணைந்தால், பைலட் ஜெட் (ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் போகும் கார்புரேட்டரின் சிறு துளைக் குழாய்) அடைத்திருக்கிறது அல்லது எங்கிருந்தோ காற்று புகுகிறது. மாறாக, பிளக் பெட்ரோலில் நனைந்து வெளிவந்தால் கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை, அல்லது ஸ்பார்க் வலுவாக இல்லை. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் பிளக் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைக் காணலாம். அதைச் சுரண்டி, ஒயரின் நுனியைச் சிறிது வெட்டி மாட்டி, பிளக் இடைவெளியை 0.6 மி.மீ. அளவில் வைத்தாலே பாதி வண்டிகள் தேறிவிடும்.

பைலட் ஜெட்டின் துளை மயிரிழை அளவே இருக்கும். வண்டி சில வாரங்கள் ஓடாமல் நின்றால் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற படிவு தங்கி, முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஊசியால் குத்தினால் பித்தளை விரிந்து அளவே கெட்டுப்போகும். பெட்ரோலில் ஊறவைத்துப் பஞ்சர் கடையில் காற்றடித்து, அதற்கும் அசையாவிட்டால் மின் ஒயரின் ஒற்றை இழையை மென்மையாக நுழையுங்கள். கிண்ணத்தின் அடியில் தண்ணீர்க் குமிழ்கள் இருந்தால் டேங்கையும் வடித்துவிடுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், மழைநாளில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் இறக்கிய வண்டியென்றால் கேட்கவே வேண்டாம்.

மாட்டிய பிறகு, எஞ்சின் நன்கு சூடான நிலையில், ஐட்லிங்கில் பெட்ரோலோடு கலக்கும் காற்றின் அளவைத் தீர்மானிக்கும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து சிறிது சிறிதாகத் திருப்பி ஐட்லிங் மிகச் சீராக நிற்கும் இடத்தில் விடுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவைத் தொட வேண்டியது இதற்குப் பிறகுதான்.

ஸ்க்ரூவைத் திருப்பியும் மாற்றமே இல்லாமல், ஐட்லிங் ஒருமுறை உயர்ந்தும் ஒருமுறை சரிந்தும் அலைந்தால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் எஞ்சியிருப்பது கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே மேலே போவதால், அந்தச் சீல் தேய்ந்தால் எந்த ஜெட்டாலும் சரிசெய்ய முடியாது. எஞ்சினை இறக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து இரு பக்கச் சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.