பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை: பால்கனி வெயிலா, நீல விளக்கா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மகன் பிறந்து ஆறு நாள் ஆகிறது. 38 வாரத்தில் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளின் அளவு 17 என்று வந்ததால் இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். 12-க்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் இன்னும் மஞ்சள் தெரிகிறது. திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மா, "நம்ம ஊர்ல எல்லாப் பிள்ளையையும் காலை வெயில்ல காட்டித்தான் வளர்த்தோம், பால்கனியில படுக்க வை" என்கிறார். கணவர் பகீரத் பேலஸ் மின்சாமான் சந்தையில் நீல எல்இடி பல்பு வாங்கித் தொட்டிலுக்கு மேல் மாட்டலாம் என்கிறார். இந்த ஜனவரியில் எது சரி? நீல விளக்கு குழந்தையின் கண்ணையும் தோலையும் கெடுக்காதா?

பதில்: முதலில் நாளைக்கான விஷயம். பால்கனி வேண்டாம், பல்பும் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் உங்கள் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எது, டெல்லி ஜனவரிக்கு அது ஏன் பொருந்தாது என்று தெரிந்தால் வீட்டில் மனவருத்தம் இல்லாமல் பேசி முடிக்கலாம்.

சாம்பார் சிந்திய வேட்டியை எவ்வளவு துவைத்தாலும் மஞ்சள் கறை முழுதாகப் போகாது. அதையே ஈரத்தோடு வெயிலில் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் வெளிறிவிடும். அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். சாம்பாரில் போடும் மஞ்சள் பொடியில் உள்ள குர்குமின் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நீலம் போக மிச்சமாகத் திரும்பி வரும் ஒளிதான் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஒளியின் ஆற்றல் அந்த மூலக்கூறையே சிதைத்துவிடுகிறது. ஒரு பொருள் எந்த ஒளியை உறிஞ்சுகிறதோ அந்த ஒளிதான் அதில் வேதிவினையை நடத்தும் என்பது ஒளி வேதியியலின் முதல் விதி. ரூம் ஹீட்டர் எவ்வளவு சிவந்து எரிந்தாலும் காமாலை குறையாது. குழந்தைக்கு வேண்டியது சூடு அல்ல, நீலம்.

பிலிருபினும் மஞ்சள் நிறப் பொருள்தான். 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை அது நன்றாக உறிஞ்சும். ரத்தச் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து உடையும்போது ஒரு கிராம் ஹீமோகுளோபினிலிருந்து சுமார் 35 மில்லிகிராம் பிலிருபின் உண்டாகிறது. பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் நம்முடையதைவிடக் குறைவு. பிலிருபினை வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது. பெரியவர்களுக்குக் கல்லீரல் நோயால் வரும் காமாலை வேறு, இது வேறு. அதற்குச் சொல்லும் கீழாநெல்லியை இதற்குக் கொடுக்கக் கூடாது. கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பிலிருபின் மூலக்கூறு தனக்குள்ளேயே மடங்கியிருக்கும். தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகளை உள்பக்கமாக வைத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பூட்டிக்கொண்டிருக்கும். அதனால் அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் சேரும். அளவு மிக உயர்ந்தால் மூளைக்குள்ளும் போய்ப் படியலாம். மருத்துவர்களான நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். சாதாரணமாகக் கல்லீரல் அதனோடு குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டிக் கரைய வைத்து வெளியேற்றும். நீல ஒளி வேறு வழியில் அதே காரியத்தைச் செய்கிறது. ஒளி பட்ட நொடியில் மூலக்கூறின் ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொள்கிறது, பூட்டு விடுபடுகிறது, மடிப்பு விரிகிறது. குர்குமினைப் போல அது உடைந்து போவதில்லை, பெரும்பாலும் உருவம்தான் மாறுகிறது. அந்தப் புது உருவம் கல்லீரல் நொதியின் உதவி இல்லாமலே பித்தத்தில் கலந்து குடலுக்குப் போய்விடும். ஒரு பகுதி லூமிருபின் என்ற இன்னொரு உருவத்தை எடுக்கும். அது பழைய வடிவத்துக்குத் திரும்பாது, சிறுநீரிலும் வெளியேறும். முதலில் சொன்ன உருவமோ குடலில் தங்கினால் பழையபடி மாறி, மறுபடி ரத்தத்துக்குள் உறிஞ்சப்படலாம். ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மலம் போகப் போக பிலிருபினும் போகும்.

வெயில் காமாலையைக் குறைக்கும் என்பதை மருத்துவ உலகத்துக்குக் காட்டியவர் ஒரு செவிலியர். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த சிஸ்டர் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவார். 1956-ல் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருந்தது, துணியின் முனை மூடியிருந்த இடத்தில் மட்டும் முக்கோணமாக மஞ்சள். அப்புறம் அதே மருத்துவமனையில், ஜன்னல் ஓரத்தில் வெயில்பட வைத்திருந்த ரத்தக் குழாயில் பிலிருபின் எதிர்பாராமல் குறைந்திருந்தது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு மருத்துவர் கிரீமரும் அவருடைய சகாக்களும் விளக்குகளை வைத்துச் சோதித்து 1958-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று மருத்துவமனைகளில் இருக்கும் நீல விளக்கின் ஆரம்பம் அந்த முக்கோணம்தான். உங்கள் அம்மாவின் அனுபவமும் சிஸ்டர் வார்டின் அனுபவமும் ஒன்று என்று அவரிடம் சொல்லுங்கள்.

சரி, பிறகு ஏன் பால்கனி வேண்டாம் என்கிறேன்? ஒளி வேலை செய்ய வேண்டுமானால் தோலில் பட வேண்டும், அதிகமான தோலில் பட வேண்டும். விளக்கின் கீழ் குழந்தையை நாப்கின் மட்டும் கட்டிப் படுக்க வைத்தது அதற்காகத்தான். இந்தக் குளிரில் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டுப் பால்கனியில் வைத்தால் வெயில் படுவது உள்ளங்கை அளவு முகத்தில் மட்டும். அதனால் ஒரு பயனும் இல்லை. துணியைக் கழற்றினாலோ ஆபத்து. திருநெல்வேலியில் மார்கழிக் காலையிலும் பிள்ளையின் சட்டையைக் கழற்றலாம். டெல்லியில் ஜனவரிக் காலைகள் பல நாள் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும், மூடுபனியில் வெயிலே மங்கலாகத்தான் வரும். பச்சிளங்குழந்தைகள் நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள மாட்டார்கள். உடலில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குவார்கள். அப்போது ரத்தத்தில் சேரும் கொழுப்பு அமிலங்கள், பிலிருபினைப் பிடித்துவைத்திருக்கும் ஆல்புமின் புரதத்தில் இடத்துக்குப் போட்டி போடும். விடுபட்ட பிலிருபின்தான் மூளைக்கு ஆபத்து. நல்லெண்ணத்தோடு பால்கனியில் காட்டி, கை கால் சில்லிட்டுப் போய், பால் குடிக்காமல் தூக்கி வரப்பட்ட குழந்தைகளை இந்த ஊரில் பல குளிர்காலங்களில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களின் முகம் மறப்பதில்லை.

கோடையிலும் நேர் வெயில் கூடாது. டிஎன்ஏ உறிஞ்சுவது புற ஊதாக் கதிர்களை. அதை உறிஞ்சும்போது டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செல்லின் வேலையைக் குழப்பும். பிஞ்சுத் தோலுக்கு அது தேவையில்லாத காயம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் வெயிலையே சிகிச்சையாகக் கொடுத்தார்கள், நன்றாகப் பலனும் தந்தது. ஆனால் அது புற ஊதாவையும் வெப்பத்தையும் தடுக்கும் விசேஷ படலம் போட்ட பந்தலுக்கு அடியில், உடல் வெப்பத்தை அடிக்கடி அளந்துகொண்டு செய்தது. மூடிய ஜன்னல் அருகே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்காரட்டும், தடையில்லை. அதைச் சிகிச்சை என்று எண்ணிப் பரிசோதனையைத் தவிர்க்கத்தான் கூடாது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரை நிறுத்திவிடுவதால் வைட்டமின் டி-யும் கிடைக்காது. அதற்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்துதான்.

உங்கள் கணவரின் யோசனையில் வேறு சிக்கல். பகீரத் பேலஸில் எல்லா நீலமும் கிடைக்கும். எது 460-490 நானோமீட்டருக்குள் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. தீவிர ஒளிச் சிகிச்சைக்குத் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டாவது ஒளி விழ வேண்டும். அதற்கென உள்ள மீட்டரால் அளந்துதான் மருத்துவமனையில் விளக்கின் உயரத்தை வைக்கிறார்கள். அலங்கார பல்பு அதன் அருகிலும் வராது. இன்னும் மோசம், நீல வெளிச்சத்தில் குழந்தையின் உண்மையான நிறமே தெரியாது. நீலம் பாய்ந்து கிடப்பதும் தெரியாது, மஞ்சள் ஏறுவதும் தெரியாது.

மருத்துவமனை விளக்கு கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். அது புற ஊதா அல்ல. 460 நானோமீட்டர் ஒளியை டிஎன்ஏ நேரடியாக உறிஞ்சாது. ஆனால் செல்லில் உள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) அந்த நீலத்தை உறிஞ்சி, தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கக்கூடியது. விழித்திரையும் பலமான நீல ஒளியைத் தாங்காது. கண்ணைக் கட்டியதும், அளவு இறங்கியவுடன் விளக்கை நிறுத்தியதும் அதனால்தான். இரண்டு நாள், கண் மூடி, அளவோடு கொடுத்த சிகிச்சையைப் பற்றிக் கவலை வேண்டாம். மலம் பச்சையாக இளகிப் போயிருந்தால் அது தானே சரியாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ரஜாய் போர்வை, பழைய ஸ்வெட்டர் எதிலாவது அந்துருண்டை வாசனை அடிக்கிறதா? அடித்தால் உடனே விலக்குங்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்து, பிலிருபினைத் திடீரென ஏற்றிவிடும். இந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது.

கண்ணில் மஞ்சள் தெரிவது 12 என்ற அளவில் இயல்பு. விளக்கு முதலில் தோலைத்தான் வெளுக்கும், அதனால் தோலைப் பார்த்து ரத்தத்தில் எவ்வளவு என்று இப்போது நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. விளக்கை நிறுத்தியபின் அளவு கொஞ்சம் திரும்ப ஏறலாம். அதைப் பிடிக்கத்தான் நாளைய பரிசோதனை. குழந்தை எழுப்பியும் பால் குடிக்காமல் தூங்கினால், கீச்சென்று அழுதால், உடம்பை வில்லாக வளைத்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள், இரவானாலும் கிளம்புங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனாலோ அது வேறு நோயாக இருக்கலாம். பித்தநாள அடைப்புக்கு 60 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது நல்லது என்பதால் அதில் நாள் கடத்தக் கூடாது.

நாளை ரத்தம் எடுத்து, குழாயை நீங்களே லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னால் கையில் வெயில்பட எடுத்துப் போகாதீர்கள். அலுமினியத் தாளிலோ கறுப்புக் காகிதத்திலோ சுற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ராச்ஃபோர்டு ஜன்னலில் நடந்தது உங்கள் குழாயிலும் நடந்தால், குழந்தையின் உடம்பில் குறையாத பிலிருபின் பரிசோதனை அறிக்கையில் மட்டும் குறைந்து வரும்.