டிரிகர் யூனிட் மாற்றுவதற்கு முன் அந்தச் சின்ன ஸ்க்ரூவைப் பாருங்கள்

கேள்வி: டர்பனில் ஒரு கடையில் மகளுக்காகப் பழைய 10 மீட்டர் ஏர் ரைபிள் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சுட்ட பிறகும் டிரிகர் பின்னால் ஓடி 'டக்'கென்று இடிக்கிறது, அப்போது குறி விலகுகிறது என்கிறாள். டிரிகர் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: இப்போதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். உங்கள் மகள் சொல்வது ஓவர்டிராவல்: சியர் (சுடும் பொறியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) விடுபட்ட பிறகும் டிரிகர் ஓடும் வீண் ஓட்டம். அதுவரை விரலைத் தாங்கிய எதிர்ப்பு சட்டென்று போனதும் விரல் பின்னால் பாய்ந்து இடிக்கிறது. பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டின்) வேகம் நொடிக்குச் சுமார் 170 மீட்டர்தான். குழலுக்குள் அது இருக்கும் சில மில்லி விநாடிக்குள்ளேயே அந்த இடி துப்பாக்கியை அசைத்துவிடும். 10 புள்ளிக்கான வெள்ளைப் பொட்டின் அகலமோ வெறும் 0.5 மி.மீ.

போட்டி ரைபிள்களில் பெரும்பாலும் இந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு ஸ்க்ரூ உண்டு. அது எது என்பதைக் கையேட்டுப் படத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்திலேயே இருக்கும் சியர் ஸ்க்ரூவைத் தவறித் திருகிவிட்டால், லேசாகத் தட்டினாலே சுட்டுவிடும் நிலைக்கு டிரிகர் வந்துவிடும்.

முதலில் பெல்லட் இல்லை என்று பாருங்கள், காற்று சிலிண்டரைக் கழற்றுங்கள், டிரை ஃபயர் நிலைக்கு (பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை மட்டும் இயக்கும் நிலை) மாற்றுங்கள். ஸ்க்ரூ இப்போது நிற்கும் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரிகர் எடை (இழுக்கத் தேவைப்படும் விசை), முதல் கட்ட ஓட்டம் (எதிர்ப்பு தட்டும் வரை டிரிகர் லேசாக ஓடும் தூரம்) இவற்றை மாற்றுவதாக இருந்தால் முன்பே மாற்றிவிடுங்கள். ஓவர்டிராவல் எப்போதும் கடைசி வேலை. இனி, சரியான அளவு ஆலன் கீயால் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே திருகி ஒவ்வொரு முறையும் டிரிகரை இழுங்கள். ஒரு கட்டத்தில் டிரிகர் விடுபடாமல் நின்றுவிடும். அங்கிருந்து மெல்ல வெளியே திருகி, விடுபடும் இடத்தைப் பிடியுங்கள். அதற்கு மேலும் கால் முதல் அரைச் சுற்று வெளியே விடுங்கள். எம்3 ஸ்க்ரூவில் கால் சுற்று என்பது 0.125 மி.மீ.

இந்த மிச்சத்தை விடாமல் ஓட்டத்தைப் பூஜ்யமாக்கப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சியர் முழுதாக விலகுமுன் டிரிகர் நின்றால், சியரின் விளிம்பு உரசிக்கொண்டே விடுபடும். ஒரு இழுப்பு மிருதுவாகவும் அடுத்தது கரகரப்பாகவும் இருக்கும். நாளடைவில் விளிம்பு மழுங்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவின் குளிர்கால விடியலில் கிரீஸ் இறுகினால் சுடாமலே போகலாம். டர்பனின் கடற்காற்றில் ஏறும் துருவும் அப்படித்தான் செய்யும். கொஞ்சம் ஓட்டம் மிச்சமிருப்பதே நல்ல டிரிகர்.

பிறகு மிக மெதுவாக 20 முறை இழுத்துப் பாருங்கள். ஒருமுறை திக்கினாலும் இன்னொரு கால் சுற்று வெளியே. குழலின் முனையில் 10 சென்ட் நாணயத்தை வைத்து டிரை ஃபயர் செய்யட்டும். விழாமல் நின்றால் டிரிகர் சரி. கடைசியில் ஸ்க்ரூத் தலையின் ஓரத்தில் ஒரு பொட்டு நகப்பூச்சு போதும். கழற்ற முடியாதபடி இறுக்கும் பசைகள் வேண்டவே வேண்டாம்.

டிரிகர் பக்கவாட்டில் ஆடினால் கதை வேறு. அது டிரிகரைத் தாங்கும் ஊசியோ (பின்) அதன் துளையோ தேய்ந்ததன் அறிகுறி. அதை ஸ்க்ரூவால் சரிக்கட்ட முடியாது.

கேள்வி: ரசீதில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று எழுதியிருக்கிறதே, கடையில் எதுவும் கேட்க முடியாதா?

பதில்: கேட்கலாம். 'உள்ளபடியே விற்றது' என்ற அந்த ஒற்றைச் சொல் கடையைக் காப்பாற்றாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். குறிப்பிட்ட குறையை வெளிப்படையாகச் சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் மட்டும் அது பொருந்தாது. ஆனால் ஸ்க்ரூ தளர்ந்திருப்பது குறை அல்ல, அது அமைப்பு. ஊசி தேய்ந்திருந்தாலோ ஸ்க்ரூவின் மரை அழிந்திருந்தாலோ, எதையும் பிரிக்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள். தொழிலாக விற்காத தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் துணைக்கு வராது.

கடைக்குப் போகும்போது காற்று சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். போட்டிகளில் அதன் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. பழைய ரைபிளில் பெரிய செலவு வைப்பது பெரும்பாலும் அதுதான்.